மகளின் முகப்பருவுக்கு எது காரணம்? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 13 வயதில் நெற்றியில் நொய்யரிசி போலத் தொடங்கிய பருக்கள் இப்போது கன்னம், தாடை என்று முகம் முழுவதும் பரவிவிட்டன. பரு எதனால் வருகிறது என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விடை கிடைக்கிறது. அந்த விடைகள் ஒவ்வொன்றையும் நம்பி, ஒவ்வொன்றின்படியும் நடந்து பார்த்துக் களைத்துப்போன பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய ஆயா உடம்புச் சூடு என்கிறார். அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய்க் குளியல், காலையில் வெந்தயம் ஊறிய தண்ணீர், கோடை முழுவதும் இளநீர் என்று எல்லாம் நடந்தது. என் நாத்தனார் மீன்தான் காரணம் என்றார். நடந்தே காசிமேட்டுக்குப் போய்விடக்கூடிய தெருவில் குடியிருந்துகொண்டு, நான்கு மாதமாக எங்கள் வீட்டில் நெத்திலிகூட வாங்கவில்லை. என் கணவர் தண்ணீரைக் குறை சொல்கிறார், ஏனென்றால் எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதில் சோப்பு நுரைப்பதே இல்லை. பள்ளியில் தோழிகள், யாரோ உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் பரு என்று கேலி செய்திருக்கிறார்கள். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள், இப்போது சிரிப்பதில்லை.

நானே கண்டுபிடித்துவிடலாம் என்று மாதக் காலண்டரின் கட்டங்களில் அவள் சாப்பிடுவதைக் குறித்து வருகிறேன். "ஞாயிறு, மாம்பழம் இரண்டு. செவ்வாய், தாடையில் மூன்று." இப்படி நான்கைந்து இடங்களில் இருக்கிறது, ஆனால் மாம்பழமே இல்லாத வாரங்களிலும் தாடையில் மூன்று வந்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. தை மாதம் என் தம்பியின் திருமணத்துக்காக, மருந்துக் கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கினோம். பத்தே நாளில் பருக்கள் அமுங்கி, முகம் பளிச்சென்று ஆகி, நிறம்கூட ஒரு மாற்று ஏறியது போல இருந்தது. இன்றுவரை அதைத்தான் போடுகிறாள். ஆனால் முன்போல் இப்போது கேட்பதில்லை. இரண்டு நாள் போடாமல் விட்டால் முகம் சிவந்து எரிகிறது, மணலைத் தூவியது போலச் சிறு சிறு பருக்கள் கிளம்புகின்றன. அவ்வளவு பிடிவாதமான பருவாக இருக்கிறது. இதற்கு அடிப்படைக் காரணம்தான் என்ன என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1: உயிரியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை

சகோதரி, உங்கள் காலண்டரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் செய்தது நல்ல வேலை, ஆனால் அந்தக் கட்டங்களின் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கண்ணுக்குத் தெரிந்த பரு ஞாயிற்றுக்கிழமை உருவானதன்று. மயிர்த்துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத முதல் அடைப்பு விழுந்து, அது வெளியே பருவாகத் தலைகாட்டுவதற்குப் பல வாரங்கள், பெரும்பாலும் எட்டு வாரம்வரைகூட ஆகும். ஏற்கெனவே அடைபட்டிருந்த துளை ஒன்று ஓரிரு நாளில் சிவந்து வீங்கலாம், அது வேறு. அடைப்பு விழுந்த நாளில் உங்கள் மகள் என்ன சாப்பிட்டாள் என்பது உங்களுக்கும் நினைவிருக்காது, எனக்கும் தெரியாது. நம் ஊரில் பருவுக்கு இத்தனை காரணங்கள் சொல்லப்படுவதற்கு இந்த இடைவெளியே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். முகம், மார்பின் மேற்பகுதி, முதுகு ஆகிய இடங்களில் மயிர்க்காலோடு ஒட்டியபடி எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. அவை சுரக்கும் சீபம் என்ற எண்ணெய்ப்பசை மயிர்த்துளை வழியாக வெளியே வந்து தோலில் படிகிறது. பூப்பெய்தும் பருவத்தில் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் பெருகும்போது, அவற்றின் தூண்டுதலால் இந்தச் சுரப்பிகள் பருத்து, எண்ணெயை மிகுதியாகச் சுரக்கின்றன. ஆண்ட்ரோஜனை ஆண்களின் ஹார்மோன் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் பெண்களின் உடலிலும் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. இதே நேரத்தில் துளையின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் சரியாக உதிராமல், எண்ணெயோடு குழைந்து வாயை அடைத்துக்கொள்கின்றன. அடைப்பு மேலே திறந்திருந்தால் கரும்புள்ளி, மூடியிருந்தால் ஒயிட்ஹெட். கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு அன்று. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினும், காற்றுப் பட்டு மாறிய எண்ணெய்ப்பசையுமே அந்தக் கறுப்பு. ஆகவே எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் அது போகாது, தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்படுவதுதான் மிச்சம்.

அடைபட்ட துளைக்குள் காற்று புகாது, எண்ணெய் நிறைந்திருக்கும். கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது தோதான இடம். 2016ஆம் ஆண்டுவரை இதை புரோபியோனிபாக்டீரியம் என்று அழைத்தார்கள், பழைய பாடநூல்களில் அந்தப் பெயர்தான் இருக்கும். பரு இல்லாதவர்களின் முகத்திலும் இது வாழ்கிறது என்பதால் பருவை ஒட்டுவாரொட்டி என்று எண்ணி யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. அந்தப் பாக்டீரியாவுக்கு எதிராக உடலின் எதிர்ப்பு மண்டலம் கிளம்பும்போதுதான் சிவப்பும், வலியும், சீழும் வருகின்றன.

யாருக்கு இது லேசாக வந்து போகிறது, யாருக்குத் தழும்பு விழும் அளவுக்கு முற்றுகிறது என்பதைப் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. பிரிட்டனில் இரட்டைப் பிறவிச் சகோதரிகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு, இந்த வேறுபாட்டில் 81 விழுக்காடு மரபணுவால் வருவதாகக் கணித்தது. உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ அந்த வயதில் எப்படி இருந்தது என்று பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள்.

இனி ஆயா சொல்லும் சூட்டுக்கு வருகிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் சூடு என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு பொருள்களை வைத்திருக்கிறார்கள். கத்திரி வெயிலில் கழுத்திலும் முதுகிலும் அரிப்போடு வருவது வேர்க்குரு, அது வியர்வை நாளத்தின் அடைப்பு. பிட்டத்திலும் தொடையிலும் வலியோடு திரண்டு பழுப்பது வேனல் கட்டி, அது ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் வேலை. மார்பிலும் முதுகிலும் வெளிறிப் படர்வது தேமல், அது ஈஸ்ட் வகைப் பூஞ்சை. பரு இந்த மூன்றும் அன்று. நான்குமே புழுக்கத்தில் கூடுகின்றன என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டது. வியர்வையும் புழுக்கமும் இருக்கிற பருவை மோசமாக்கும், ஆனால் உடம்பின் உள்ளே சூடு ஏறி அது பருவாக வெடிக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மாம்பழத்தின் மேல் விழுந்த பழியும் இப்படிப்பட்டதே. பங்கனப்பள்ளி வண்டிகள் எம்.சி. ரோடு முனையில் நிற்கத் தொடங்குவதும், வெயில் கொளுத்துவதும், ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் களைத்திருப்பதும் ஒரே பருவத்தில்தான்.

உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துச் சோதித்துவிட்டுத் தொடர்பு இல்லை என்றார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த சாக்லேட் இல்லாத மிட்டாயிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன. அப்படியிருக்க வேறுபாடு எங்கிருந்து தெரியும்? அந்த ஓர் ஆய்வை வைத்து மருத்துவ உலகம் பல ஆண்டுகள் உணவைப் பற்றிப் பேசவே மறுத்தது. பாப்புவா நியூ கினியின் கிடாவா தீவில் 1200 பேரைப் பரிசோதித்தபோது ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்கள் கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் சாப்பிடுகிறவர்கள். உங்கள் நாத்தனாரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகள், அதாவது சர்க்கரை தூக்கலான டீ, மைதா பிஸ்கட், பரோட்டா, குளிர்பானம் போன்றவை, இன்சுலினையும் அதன் வழியாக எண்ணெய்ச் சுரப்பையும் கூட்டுகின்றன என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. பாலுக்கு அதைவிடக் குறைவான சான்று. மீனுக்கும் முட்டைக்கும் இல்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்தது நமக்குத் தெரிந்த கதை. உவர்நீரில் சோப்பு சரியாக அலசப்படாமல் தோலில் தங்கி வறட்சியும் எரிச்சலும் தரும், ஆனால் அது மயிர்த்துளையை அடைப்பதில்லை.


மறுமொழி 2: கடைசல்காரன், திருவொற்றியூர்

அம்மா, ஆசிரியை சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் பரு வெளியிலிருந்தும் வரும் என்பதற்கு நானே சாட்சி என்பதால் எழுதுகிறேன்.

நான் கடைசல் பட்டறையில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் என் இரண்டு தொடைகளிலும் முன்கைகளிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் விழுந்து, பிறகு அவை பருக்களாகப் பழுத்தன. முகத்தில் ஒன்றுகூட இல்லை. பட்டறையில் உடன் வேலை செய்தவர்கள் தவறான இடத்துக்குப் போய் வந்த நோய் என்று காதுபடவே பேசினார்கள். எனக்கு அப்போது திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தோல் மருத்துவர் ஒருவர் என் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறாய் என்று மட்டும் கேட்டார். ஒரு வாரம் என்றேன். இரும்பைக் கடையும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் தெறித்து ஊறிய துணி நாள் முழுவதும் தொடையில் உரசியதால் வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ரெக்சின் ஏப்ரன் கட்டி, கால்சட்டையைத் தினமும் மாற்றி, வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கை கழுவுவதை நிறுத்தியதும், மூன்று நான்கு மாதத்தில் புதிதாக வருவது நின்றது. பழைய தழும்பு இன்னும் இருக்கிறது.

நான் சொல்ல வருவது, வெளிக் காரணம் என்றால் அது எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடத்தில்தான் பரு இருக்கும். தலைக்கு வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைத்தால் நெற்றியின் முடியோரத்தில் வரும். ஹெல்மெட் வார் உரசினால் தாடைக்கு அடியில் வரும். உங்கள் மகளுக்கு முகம் முழுவதும் என்கிறீர்கள். அப்படியானால் முகம் முழுவதும் படுகிற பொருள் எது என்று பாருங்கள்.


மறுமொழி 3: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், பெரம்பூர்

கடைசல்கார நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அம்மா, உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியை மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பத்து நாளில் பளிச்சென்று ஆனது, நிறம் ஏறியது, பிறகு கேட்காமல் போனது, நிறுத்தினால் சிவந்து எரிவது, மணல் தூவியது போல ஒரே அளவில் பருக்கள் கிளம்புவது. மருந்துக் கடையின் கவுன்ட்டருக்குப் பின்னால் 30 ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பரு அவ்வளவு விரைவாக எந்த மருந்துக்கும் அடங்காது. எட்டு வாரம் உருவாகும் ஒன்று பத்து நாளில் எப்படிக் கரையும்? அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது என்பது என் ஐயம்.

ஸ்டீராய்டு தடவினால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, உடலின் எதிர்ப்பு வினை அடங்குகிறது. சிவப்பும் வீக்கமும் மறைவதால் பரு போய்விட்டதாகத் தோன்றும், முகம் வெளுப்பதால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். உள்ளே அடைப்பு அப்படியே இருக்கிறது. மாதக்கணக்கில் தடவும்போது தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும், கன்னத்தில் பூனைமுடி அடரும், வெயில் பட்டால் எரியும், ஸ்டீராய்டே புதிய பருக்களைக் கிளப்பும். நிறுத்தினால் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்து முகம் தீப்பட்டது போல ஆகும். அந்த வேதனை தாங்காமல் மறுபடியும் அதையே தடவுவார்கள். பருவின் பிடிவாதம் என்று நீங்கள் நினைப்பது களிம்பின் பிடிவாதமாக இருக்கக்கூடும்.

இதில் நான் நல்லவன் வேடம் போட விரும்பவில்லை. முகத்துக்கு ஏதாவது கொடுங்கள் சார் என்று கேட்டு வருகிறவர்களிடம், மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்ற கணக்கில், இப்படிப்பட்ட டியூப்களை நானும் என் காலத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தோல் மருத்துவர்களின் சங்கம் தொடர்ந்து வலியுறுத்தி, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காமல் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன என்பது உங்கள் கதையிலிருந்தே தெரிகிறது.

டியூபின் அட்டைப் பெட்டியை எடுத்து, கடைப் பெயரையோ களிம்பின் பெயரையோ இங்கே எழுதாமல், உள்ளடக்கம் என்ற இடத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். பீட்டாமெத்தாசோன், குளோபெடசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வேறு மாத்திரை, ஊசி ஏதாவது எடுத்துக்கொள்கிறாளா? காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்கு நீண்ட நாள் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை, பி12 ஊசி ஆகியவையும் சிலருக்குப் பரு போன்ற தடிப்புகளைக் கொண்டுவரும். அப்படியானால் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது, காசநோய் மருந்தை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் போதும்.


மறுமொழி 4: கல்லூரி மாணவி, வியாசர்பாடி

அம்மா, களிம்பைப் பற்றி ஐயா சொன்னது முதன்மையானது. அதோடு உங்கள் மகளிடம் தனியாக இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறதா, மோவாயில் முடி முரடாக வளர்கிறதா என்பது முதலாவது. எனக்குத் தாடையோரத்திலேயே பருக்கள் திரும்பத் திரும்ப வந்தன, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தபோது பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு என்றார்கள். அதில் ஆண்ட்ரோஜன் மிகுந்திருக்கும் என்பதால் முகத்துக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் நாலைந்து பரு கூடினால் அது பல பெண்களுக்கும் இயல்பானதுதான்.

இரண்டாவது, அரிப்பு இருக்கிறதா என்பது. பருவுக்காகப் பல மாதம் ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்ட பிறகு எனக்கு நெற்றியிலும் மார்பிலும் கடுகு கொட்டியது போல ஒரே அளவில் புள்ளிகள் வந்தன, அவை அரித்தன. ஆசிரியை குறிப்பிட்ட தேமலைக் கொண்டுவரும் அதே மலாசீசியா பூஞ்சைதான் மயிர்க்காலுக்குள் புகுந்து அப்படிச் செய்தது. பூஞ்சைக்கான மருந்து கொடுத்ததும் அடங்கியது. அதையும் பரு என்று நினைத்து மேலும் ஆன்டிபயாட்டிக் விழுங்கியிருந்தால் கூடியிருக்கும்.


மறுமொழி 5: பழைய வண்ணாரப்பேட்டைத் தாய்

எல்லோருக்கும் நன்றி. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டோம், டியூபின் அடிப்பக்கம் சுருட்டியிருந்ததை விரித்துத்தான் படிக்க முடிந்தது. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மூன்றாவதாக மொமெட்டசோன் என்று இருக்கிறது. இடது மேல் மூலையில் ஆர்.எக்ஸ். என்ற குறியும், மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற வாசகமும் பொடி எழுத்தில் இருக்கின்றன. இது நான்காவது டியூப்.

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அவளை ஜன்னலருகே உட்கார வைத்துப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் மெல்லிய பூனைமுடி படர்ந்திருக்கிறது. மூக்கின் இரு பக்கமும் சிவப்பு நூல் இழுத்தது போல நரம்புகள் தெரிகின்றன. பள்ளியிலிருந்து நடந்து வரும்போது முகம் எரிகிறது என்று சித்திரை மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள், வெயில் யாருக்குத்தான் எரியவில்லை என்று நான் அடக்கிவிட்டேன். வேறு மருந்து எதுவும் இல்லை, மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறது, அரிப்பு இல்லை, எரிச்சல்தான். இன்றே டியூபைக் குப்பையில் போட்டுவிடட்டுமா?


மறுமொழி 6: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், பெரம்பூர்

போட வேண்டாம், அம்மா. டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, உங்களுக்கு அருகில்தான். ஆறு மாதம் தடவியதைத் திடீரென்று விட்டால் முகம் எப்படி மாறும் என்பதை நீங்களே இரண்டு நாள் இடைவெளியில் பார்த்துவிட்டீர்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது, இடையில் எதை மாற்றாகப் போடுவது என்பதை முகத்தை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும், நான் எழுத்தில் சொல்வது முறையாகாது.

அதுவரை எலுமிச்சை, பற்பசை, மஞ்சள் பூச்சு, முல்தானி மட்டி, தேய்க்கும் ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். மெலிந்த தோல் எதையும் தாங்காது. காலையும் மாலையும் மென்மையான சோப்பில் ஒருமுறை கழுவி, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் தடவினால் போதும். பள்ளிக்குப் போகும்போது குடை பிடிக்கட்டும்.

களிம்பின் விளைவு அடங்கிய பிறகு, உண்மையான பருவுக்கு அடபாலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற மருந்துகளை மருத்துவர் தரக்கூடும். அவற்றின் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், தொடக்கத்தில் தோல் உரிந்து எரிச்சல்கூட வரும். பத்து நாளில் பளிச்சிடவில்லையே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். பென்சாயில் பெராக்சைடு பட்டால் வண்ணத் தலையணை உறை திட்டுத் திட்டாக வெளுத்துவிடும், பழைய வெள்ளைத் துணியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.


மறுமொழி 7: பழைய வண்ணாரப்பேட்டைத் தாய், மூன்று வாரம் கழித்து

என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ஐயா சொன்னது சரிதான், மருத்துவர் டியூபைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். அந்தக் களிம்பை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து நிறுத்தச் சொல்லி, ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் என்ற களிம்பும் ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார். பருவுக்கான மருந்தை முகம் ஆறிய பிறகுதான் தொடங்க முடியுமாம்.

இப்போது அவள் முகம் முன்பைவிடச் சிவந்துதான் இருக்கிறது. இரண்டாவது வாரம் இரவில் எழுந்து ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பழைய டியூபைக் கொடுத்துவிடலாமா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. ஆயா அவளருகில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார், சூட்டைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை. இந்த வாரம் எரிச்சல் சற்றுக் குறைந்திருக்கிறது.

காலண்டரில் இப்போது உணவை எழுதுவதில்லை. மாதவிலக்குத் தேதியையும், களிம்பு போட்ட நாளையும் மட்டும் குறிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் காசிமேட்டிலிருந்து ஒரு கிலோ நெத்திலி வாங்கி வந்தார். நாத்தனாரும் வந்திருந்தார், இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.